குற்றிக்காணம்: ஒரு தேக்கு நகரத்தின் கணக்கு

1

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலை இறங்கினால் வழிக்கடவு, எடக்கரை, பிறகு நிலம்பூர். மலப்புறம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சாலியாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிற சின்ன நகரம். நகராட்சி ஆனதே 2010இல்தான். நீலகிரியிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் இறங்குகிற புழைகளைச் சேர்த்துக்கொண்டு சாலியாறு பேப்பூரில் கடலுக்குப் போகிறது. அந்தப் புழைகளில் ஒன்றின் பெயர் நம்மூர்ச் செய்தித்தாள் வாசகருக்குத் தெரியும்: பாண்டியாறு–புன்னம்புழா. மேற்கே ‘வீணாகப் போகிற’ தண்ணீரைக் கிழக்கே திருப்பவேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம் அந்தப் பெயரும் எழும். அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற பள்ளத்தாக்கில் யார் இருக்கிறார்கள், அங்கே இருக்கிற ஊர் எதனால் ஆனது என்று நாம் கேட்டதாக நினைவில்லை.

நிலம்பூரைப் பற்றிக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் தேக்கைப் பற்றியவை. மனிதன் நட்டு வளர்த்த தேக்குத் தோட்டங்களில் உலகிலேயே மிகப் பழையது இங்கேதான். 1840களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலியின் பெயரில் அதன் மிச்சம் ஐந்தே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக இன்னும் நிற்கிறது. அங்குள்ள மரங்களுக்கு எண் உண்டு. உயரம் இவ்வளவு, சுற்றளவு இவ்வளவு என்று குறித்திருக்கிறார்கள். 1995இல் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் தேக்குக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தை இங்கு தொடங்கியது. நுழைகிற இடத்தில் மண்ணைக் கழுவி நிறுத்திய ஒரு தேக்கின் முழு வேர்த்தொகுதி. நிலம்பூர்த் தேக்குக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது.

மரத்துக்கு இத்தனை ஆவணம் இருக்கிற ஊரில் மனிதர்கள் எந்தக் கணக்கில் வந்தார்கள்? இந்தக் கட்டுரையின் கேள்வி அவ்வளவுதான்.

பழைய மலபாரில் ஒரு வழக்கு இருந்தது. ஒருவனுடைய காட்டில் இன்னொருவன் மரம் வெட்டினால், வெட்டிய மரத்துக்கு இவ்வளவு என்று காட்டுக்குரிய ஜன்மிக்குக் கொடுக்கவேண்டும். அதன் பெயர் குற்றிக்காணம். குற்றி என்றால் நமக்கும் அதே பொருள்தான்: வெட்டியபின் மண்ணில் நிற்கிற அடிக்கட்டை. குற்றியை எண்ணினால் கூலி தெரிந்துவிடும். யாருக்குரிய கூலி என்றால், வெட்டினவனுக்கு இல்லை, உடையவனுக்கு. நிலம்பூரின் வரலாற்றைப் படிக்க இந்த ஒரு சொல்லைச் சாவியாக வைத்துக்கொள்ளலாம்.

2

கப்பலிலிருந்து தொடங்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பட ஆரம்பித்தது. நெப்போலியனோடு போர். கடற்படைக்கு மரம் வேண்டும். 1806இல் கேப்டன் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரி மலபார், திருவிதாங்கூர் காடுகளுக்கு ‘கன்சர்வேட்டர்’ ஆக நியமிக்கப்படுகிறார். இந்தியாவில் இந்தப் பதவியை வகித்த முதல் ஆள் அவர். காட்டைக் ‘காப்பவர்’ என்று பெயர். காட்டுக்கு முதலில் வந்த காவலர் ஒரு போலீஸ்காரர் என்பதைத் தற்செயல் என்று விட்டுவிடலாமா என்று தெரியவில்லை. அடுத்த வருஷமே தேக்கு கம்பெனியின் ஏகபோகம் ஆனது. ஜன்மிகளும் வியாபாரிகளும் முணுமுணுத்தார்கள். 1823இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார். அதன்பிறகு வியாபாரிகள் வெட்டித் தள்ளினார்கள்.

மலபார்த் தேக்கு பம்பாய்க் கப்பல் பட்டறைக்குப் போயிற்று. வாடியா குடும்பத்தார் அங்கே கட்டிய போர்க்கப்பல்களில் ஒன்று 1813இல் நீரில் இறங்கிய கார்ன்வாலிஸ். 1842 ஆகஸ்டில் சீனாவை மண்டியிடவைத்த நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது அந்தக் கப்பலின் மேல்தான். பிரிட்டிஷ் வாணிபத்துக்குச் சீனத் துறைமுகங்களைத் திறந்துவிட்ட ஒரு ராஜதந்திரக் காட்சிக்கு மேடைப் பலகை இந்தியத் தேக்கு. காட்டின் வரலாற்றை வனத்துறைக் கோப்புகளுக்குள் மட்டும் தேடினால் இது கிடைக்காது.

அந்த வருஷங்களில்தான் கனோலி நிலம்பூரில் தேக்கு நடப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாரின் பேராசை காடுகளை அழித்துவிட்டது, அரசு நட்டு வளர்க்கவேண்டும் என்பது அவர் வாதம். பேராசை யாருடைய தேவைக்குச் சப்ளை செய்தது என்ற கேள்வி அந்த வாதத்தில் இல்லை. நிலவுடைமையாளர்களிடமிருந்தும் தேவஸ்வத்திடமிருந்தும் நிலம் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. விதை முளைக்கவில்லை. தேக்கு விதையின் ஓடு தடித்தது. காட்டில் தீயும் மழையும் அதைப் பதப்படுத்துகின்றன, நாற்றங்காலில் அது நடக்கவில்லை. விதவிதமான முயற்சிகள் தோற்று, 1844 வாக்கில்தான் கை கூடியது. கை கூடவைத்தவர் உதவிக் கன்சர்வேட்டர் சாத்து மேனோன். 1862 வரை அவரே பொறுப்பில் இருந்து பல லட்சம் கன்றுகளை நட்டார். தோட்டத்தின் பெயர் என்னவோ கனோலி.

தேக்கு முதிர அறுபது, எழுபது வருஷம் ஆகும். கனோலிக்கும் இது தெரியும். பேரன் காலத்துக்கு நடுகிறோம் என்றே நட்டார்கள். ஆனால் 1860இலேயே பிரிட்டிஷ் கடற்படை வாரியர் என்ற இரும்புப் போர்க்கப்பலை நீரில் இறக்கிவிட்டது. நிலம்பூர்க் கன்றுகளுக்கு அப்போது வயது பதினாறு வாக்கில்தான். எந்தக் கப்பலுக்காக நட்டார்களோ அந்தக் கப்பலே இல்லாமல் போயிற்று. ஆனாலும் தோட்டம் கலைக்கப்படவில்லை, பெருகிற்று. காரணம் எளிது. பலவகை மரங்கள் கலந்து நின்ற காட்டை ஒரே வயதுள்ள, ஒரே இனமான, வரிசையாக எண்ணக்கூடிய மரங்களாக மாற்றுகிற முறை கைக்குக் கிடைத்துவிட்டது. தேவை மாறலாம், முறை தங்கிவிடும். 1864இல் வனத்துறை, 1865, 1878, 1882 என்று வரிசையாக வனச் சட்டங்கள். காட்டைப் பற்றிய அறிவு காட்டின் மீதான அதிகாரமாக மாறியதற்குப் புத்தகத்தில் உதாரணம் தேடுகிறவர்கள் நிலம்பூர் பஸ் ஏறலாம்.

3

சரி, யார் நட்டார்கள்? யார் வெட்டினார்கள்?

1843இல் இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று ஐந்தாம் சட்டம் வந்தது. கனோலியின் நாற்றங்கால் தோற்றுக்கொண்டிருந்த அதே வருஷம். அதுவரை மலபாரில் செறுமரும் பணியரும் நிலத்தோடு சேர்த்து விற்கவும் ஒற்றி வைக்கவும் பட்டார்கள். சட்டம் வந்தபின் விற்பனைப் பத்திரம் நின்றது. பணியர் ஜன்மியின் ஆளாக இருப்பது நிற்கவில்லை. பணியன் என்ற சொல்லே பணி செய்பவன் என்பதுதான். ஒரு சமூகத்துக்கு அதன் வேலையே பெயராகிவிட்டது. வேலையின் கணக்கில் மட்டும் அந்தப் பெயர் இல்லை.

வெட்டிய மரத்தை யானை இழுத்துப் புழைக்குக் கொண்டுவரும். பச்சைத் தேக்கு தண்ணீரில் சரியாக மிதக்காது. மூங்கிலைச் சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கி, மழைக்கால வெள்ளத்தில் ஓட்டவேண்டும். வழியில் பாறை, சுழல். உயிர் போகிற வேலை. கீழே கோழிக்கோட்டின் கல்லாயியில் மாப்பிள்ளை வியாபாரிகளின் மர டிப்போக்கள். கல்லாயிப் புழையையும் கோரப்புழையையும் இணைத்து 1848இல் வெட்டிய கால்வாய்க்கும் கனோலியின் பெயர்தான். ஆற்றின் முகத்தில் பேப்பூர்; அங்கே கலாசிகள் இதே தேக்கில் உரு கட்டி அரபுக் கரைக்கு அனுப்பினார்கள். இந்தப் பாதை நெடுகிலும் மரம் கண்டிக் கணக்கில் அளக்கப்பட்டது. எழுதப்பட்டது. தெப்பக்காரனை எவனும் எழுதிவைக்கவில்லை.

காட்டுக்கு உள்ளே இன்னொரு மௌனம். கருளாய்க் காடுகளில் வாழும் சோலைநாயக்கர் சில நூறு பேரே. தேன், கிழங்கு சேகரித்து, பாறைக் குகைகளில் தங்கி வாழ்ந்தவர்கள். அந்தத் தங்குமிடத்துக்கு அவர்கள் மொழியில் அளை என்று பெயர். சங்கத் தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதில்லை. புலி கிடக்கும் கல் அளையைப் பரீட்சைக்குப் படித்துத் தேறியிருக்கிறோம். குறிஞ்சித் திணையின் புனம் என்ற சொல்லும் மலபாரில் மலைச்சரிவு வேளாண்மைக்கு வழங்குவது. வனத்துறை இந்தப் புனத்தைக் காட்டை அழிக்கும் பழக்கம் என்று தடை செய்தது. பிறகு பர்மாவிலிருந்து கற்ற தாங்யா முறையில், தேக்கு வரிசைகளுக்கிடையே ஒன்றிரண்டு வருஷம் நெல் விதைத்துக்கொள்ள ஏழைகளை அனுமதித்தது. கன்றுக்குக் களையெடுப்பு இலவசமாக ஆயிற்று, கன்று எழுந்ததும் விதைத்தவன் நகரவேண்டும். அதே செயல் காட்டுவாசி செய்தால் குற்றம், துறைக்காகச் செய்தால் வனவியல்.

நம் தமிழ்த் துறைகள் திணையை இலக்கணமாகப் பாதுகாத்துவைத்திருக்கின்றன. திணையில் இருக்கிற மக்கள் நடப்பு நூற்றாண்டிலும் அந்தச் சொற்களோடு இருக்கிறார்கள் என்பது பாடத்திட்டத்துக்கு வெளியே.

4

இந்த மக்கள் எண்ணப்படாமல் இருந்தார்களே தவிர, வாய்மூடி இருந்தார்கள் என்று சொல்லமுடியாது.

கனோலி 1855 செப்டம்பரில் கோழிக்கோட்டில் தன் பங்களாவில் வைத்துக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் சிறையிலிருந்து தப்பிய மாப்பிள்ளைகள். தேக்கு வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு துயர வாக்கியமாகச் சொல்லிவிட்டு மரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க மலபாரின் உள்நாட்டில் ஜன்மிக்கும் அவனைத் தாங்கிப்பிடித்த கச்சேரிக்கும் எதிராக எழுந்த கலகங்களின் வரிசையில் அது ஒன்று. 1921இல் அது பெருவெடிப்பானது. பூக்கோட்டூரில் நிலம்பூர்க் கோவிலகத்தோடு ஏற்பட்ட தகராறு அதன் தொடக்கப் பொறிகளில் ஒன்று. அந்த ஆகஸ்டில் பூக்கோட்டூரிலிருந்து புறப்பட்ட கூட்டம் நிலம்பூர்க் கோவிலகத்தைத் தாக்கியது, உயிர்கள் போயின. மதமா வர்க்கமா என்று இதைப் பற்றி இன்றுவரை சண்டை. கே.என். பணிக்கர் 1989இல் வெளியிட்ட நூலில் இரண்டையும் பிரித்துப் பார்க்கமுடியாது என்று காட்டியிருக்கிறார். ஒடுக்குகிறவன் ஜன்மியாகவும் வேற்று மதத்தானாகவும் ஒரே உடம்பில் வருகிறபோது கலகக்காரனிடம் தனித்தனியாக ரசீது கேட்பது நம் வசதிக்குத்தான். அந்தக் கலகத்தில் குடிமக்களும் மத வெறிக்குப் பலியானார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. நவம்பரில் திரூரிலிருந்து கைதிகளைச் சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். நம் போத்தனூரில் கதவைத் திறந்தபோது பிணங்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சு முட்டியே செத்தார்கள்.

கலகத்துக்குப் பிறகு, 1927இல் ஷொர்ணூரிலிருந்து நிலம்பூருக்கு ரயில். மரத்தை இறக்கவும் வேண்டும், பட்டாளத்தை ஏற்றவும் வேண்டும். 1941இல் போருக்கு இரும்பு வேண்டுமென்று அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1954இல்தான் திரும்பப் போட்டார்கள். ஊருக்காகப் போட்ட ரயிலாக இருந்தால் பதின்மூன்று வருஷம் ஊரை இப்படி விட்டிருப்பார்களா?

இந்த இடைவெளியில் ஊர் தன் குரலைக் கண்டுபிடித்தது. 1950களில் நிலம்பூரின் இடதுசாரி நாடகக்காரர்கள் கிளம்பினார்கள். இ.கே. அயமு எழுதிய நாடகத்தின் தலைப்பே ஏறநாட்டு மாப்பிள்ளைப் பேச்சில்: இஜ்ஜ் நல்லொரு மன்ஸனாகான் நோக்கு. ‘நீ ஒரு நல்ல மனுசனாகப் பாரு’ என்று அர்த்தம். அதில் ஆயிஷா என்ற முஸ்லிம் பெண் மேடையேறினார். கல்லெறி, அடி, ஒரு தடவை துப்பாக்கிச் சூடுகூட நடந்தது. அவர் இறங்கவில்லை, நிலம்பூர் ஆயிஷா என்ற பெயரில் நாடகத்திலும் சினிமாவிலும் பல பத்தாண்டுகள் நடித்தார். தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டிய கே. குஞ்ஞாலி நிலம்பூர்த் தொகுதியின் முதல் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். 1969 ஜூலையில் ஓர் எஸ்டேட் தகராறில் அவர் சுடப்பட்டு இறந்தார். தேக்கு நகரம் என்ற அடைமொழிக்குள் இந்த இருவருக்கும் இடமில்லை.

5

நம் தோழர்களுக்குச் சங்கடமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

1958இல், இ.எம்.எஸ். தலைமையில் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை இருந்தபோது, பிர்லாவின் குவாலியர் ரேயான்ஸ் ஆலைக்கு மாவூரில் இடம் கொடுத்து ஒப்பந்தம் ஆனது. நிலம்பூருக்குக் கீழே, அதே சாலியாற்றின் கரையில். 1963இல் உற்பத்தி. மூலப்பொருள் மூங்கில், டன்னுக்கு ஒரு ரூபாய் என்ற விலைக்கு. கூடை முடைந்து பிழைத்தவனுக்கு மூங்கில் அந்த விலைக்குக் கிடைத்ததில்லை. மூங்கில் தீர்ந்தபோது இயற்கைக் காட்டை வெட்டி யூகலிப்டஸ் நட்டார்கள். ஆலைக் கழிவு ஆற்றில், புகை கரையோர ஊர்களில். வாழக்காட்டில் கே.ஏ. ரஹ்மான் தலைமையில் மக்கள் பல வருஷம் போராடினார்கள். அவரே 1999இல் புற்றுநோயில் இறந்தார்.

ஆலை 1985 முதல் 1988 வரை மூடிக்கிடந்தபோது தொழிலாளர்கள் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். ஆற்றைக் காப்பவர்களும் ஆலையைத் திறக்கச் சொன்னவர்களும் எதிரெதிரே நின்றார்கள். இரண்டு பக்கமும் ஏழைகள். மூலதனம் நடுவில் இல்லாததுபோல இருந்தது. 2001இல் அது ஆலையை மூடிவிட்டுப் போய்விட்டது. நோயும் வேலையின்மையும் அங்கேயே இருந்தன. தொழிலாளியா, சுற்றுச்சூழலா என்று இன்றைக்கும் நம் கூட்டங்களில் கேள்வி வைக்கிறவர்கள் மாவூரின் கதையை முழுசாகப் படிக்கவேண்டும். அந்தக் கேள்வியை அப்படி அமைத்துத் தந்ததே ஆலை நிர்வாகத்தின் வெற்றி.

இன்னொரு கணக்கும் உண்டு. 1971இல் கேரளம் தனியார் காடுகளை இழப்பீடின்றி அரசுடைமையாக்கியது. பெரும் பகுதியை ஆதிவாசிகளுக்கும் நிலமற்ற உழவுத் தொழிலாளர்களுக்கும் பகிர்வது சட்டத்தின் நோக்கம். நிலம்பூர்க் கோவிலகத்திடம் பல்லாயிரம் ஏக்கர் காட்டை வாங்கிவைத்திருந்த குவாலியர் ரேயான்ஸ் வழக்குக்குப் போனது. 1973இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இது நிலச் சீர்திருத்தம், ஆகவே செல்லும் என்பது தீர்ப்பின் சாரம். அதாவது ஆதிவாசிக்கு நிலம் போகும் என்ற வாக்குறுதியின் பலத்தில்தான் காடு அரசுக்கு வந்தது. வந்த காடு வனத்துறையிடம் தங்கியது. ஐம்பது வருஷம் கழித்து, 2023 மே மாதம் நிலம்பூரில் பழங்குடி நல அலுவலகத்தின் முன்னால் ஆதிவாசிக் குடும்பங்கள் உட்கார்ந்தார்கள். கேட்டது குடும்பத்துக்கு ஓர் ஏக்கர். முந்நூறு நாளைத் தாண்டி, 2024 மார்ச்சில் ஐம்பது சென்ட் என்று பேசி முடித்தார்கள். இடையில், 2022இல், யுனெஸ்கோ நிலம்பூரைக் ‘கற்கும் நகரங்கள்’ பட்டியலில் சேர்த்திருந்தது.

2016 நவம்பரில் கருளாய்க் காட்டில் குப்பு தேவராஜ், அஜிதா என்ற இரண்டு மாவோயிஸ்டுகள் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்கள் அரசியலோடு உடன்படாதவர்களும் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: சட்டப்படி சேரவேண்டிய நிலத்தைக் கொடுக்க ஐம்பது வருஷம் வராத அரசு துப்பாக்கியோடு மட்டும் அந்தக் காட்டுக்குள் எப்படி இவ்வளவு வேகமாக வந்தது?

6

2019 ஆகஸ்ட் 8 இரவு, நிலம்பூருக்கு மேலே போத்துகல்லை அடுத்த கவளப்பாறையில் மலை சரிந்தது. 59 பேர் இறந்தார்கள். பதினோரு பேர் உடல் கிடைக்கவேயில்லை. அதே நாளில் வயநாட்டின் புத்துமலையிலும் சரிவு. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் போயின. அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பாடிகள். செத்தவர்களில் தமிழ்நாட்டு வேர் உள்ளவர்களும் உண்டு. மலைமேல் செத்தவர்களின் உடல்களைச் சாலியாறு நிலம்பூருக்குக் கொண்டுவந்தது. முன்பு மரம் வந்த வழி. போத்துகல், முண்டேரிக் கரைகளில் ஊர்க்காரர்களும் காட்டுக்குள்ளிருந்து ஆதிவாசிகளும் நாள்கணக்கில் உடல்களையும் உடற்பாகங்களையும் சேகரித்து நிலம்பூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அடையாளம் தெரியாதவற்றைப் புத்துமலையில் எல்லா மதத்துப் பிரார்த்தனையும் சொல்லிப் புதைத்தார்கள். ஒவ்வொரு குழியின் மேலும் ஓர் எண். மரபணுச் சோதனைக்குப் பிறகு சிலருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

மழைதான் காரணம் என்று சொல்லலாம், பெய்தது பேய்மழைதான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தாங்குதிறன் பற்றி மாதவ் காட்கில் குழு 2011இலேயே அறிக்கை கொடுத்தது. அதைக் குடியேறிய சிறு விவசாயியின் பயத்தைக் காட்டியே கட்சிகள் எல்லாமாகச் சேர்ந்து ஒதுக்கிவைத்தன. அந்தச் சிறு விவசாயியிடம் பேச எவரும் போகவில்லை. இரண்டு நூற்றாண்டுகளாகச் சரிவுகளைத் தேக்கு, தேயிலை, ரப்பர் என்று ஒற்றைப் பயிராக்கியவர்களின் கணக்கும், அந்தச் சரிவின் அடியிலேயே வேலையாட்களைக் குடிவைத்தவர்களின் கணக்கும் இன்னும் தீர்க்கப்படவில்லை.

இதைக் கேரளத்துக் கதை என்று படித்துவிட்டு நகர நமக்கு உரிமையில்லை. ஆனைமலையில் டாப்சிலிப் இருக்கிறது. மலை உச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரியவிட்ட இடம் என்பதால் வந்த பெயர். அங்கே தேக்கை மீட்டெடுத்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறையைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போகிறார்கள். அந்தக் கட்டைகளை இழுத்த காடர், மலசர் எத்தனை பேர், அவர்களை எங்கே புதைத்தார்கள் என்று சொல்லும் பலகை இல்லை. நிலம்பூரில் செய்யவேண்டிய வேலை பொள்ளாச்சிக்கு மேலேயும் பாக்கி இருக்கிறது.

அந்த வேலை பெரிய தத்துவ வேலை ஒன்றும் இல்லை. வனத்துறையின் பழைய கூலிப் பட்டியல்களைத் தேடவேண்டும். தெப்பம் ஓட்டியவர்களின் பேரன்கள், யானைப்பாகர்களின் குடும்பங்கள், சங்க நோட்டீசுகளை டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிற பழைய தொழிற்சங்கக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பணியர் பாட்டில் மரத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று பாடுகிறவர்களிடமே கேட்கவேண்டும், அவர்களே எழுதட்டும் என்று இடம் விடவேண்டும். குற்றிக்காணம் ஜன்மிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பிறகு கம்பெனிக்கும் சர்க்காருக்கும் பிர்லாவுக்கும் போய்ச் சேர்ந்தது. வெட்டியவர்களுக்கும் நட்டவர்களுக்கும் நிலம் சேரவேண்டும் என்று 1971இலேயே சட்டம் ஒப்புக்கொண்டது. ஐம்பது சென்ட்டில் பேசி முடித்தது பாதிக் கணக்கு. மீதிப் பாதியை யார் கேட்பது என்பதில்தான் நிலம்பூரின் அடுத்த வரலாறு இருக்கிறது.